கேளுங்கள், சொல்கிறேன்: அம்பு முனையும் காவிப் பசையும்

கேள்வி: ஐயா, என் மகனின் பள்ளிப் புத்தகத்தில் ஐரோப்பாவில் கிடைத்த பிளின்ட் கல் அம்பு முனைகளின் படம் இருக்கிறது. "நம்ம ஊரில் இதெல்லாம் யாரும் செய்யவில்லையா?" என்று கேட்கிறான். கரும்புக் காட்டு ஓரத்தில் கூரான வெள்ளைக் கல் ஒன்றையும் எடுத்து வந்திருக்கிறான். வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு தாய், டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே சிபுடு குகை இருக்கிறது. டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர், டோங்காட்டி ஆற்றின் மேல், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே. 1860 முதல் நம் முன்னோர் கரும்பு வெட்ட வந்த மண் அது. 60,000 ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே இருந்தவர்கள் கல் முனை அம்பு எய்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் ஐரோப்பிய முனைகளுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். இதைப் பையனிடம் அவசியம் சொல்லுங்கள்.

பிளின்ட் ஐரோப்பாவின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் விளைவது. மணிமணியாக உதிராமல், தடித்த கண்ணாடியைப் போல வளைந்து பிளக்கும். உருண்டைக் கல்லால் விளிம்பில் சாய்வாகத் தட்டினால் மெல்லிய செதில் கழன்று வரும். பிறகு மான் கொம்பின் நுனியை ஓரத்தில் வைத்து அழுத்த அழுத்த, சிறு சிறு சில்லாகப் பெயர்ந்து முனை உருவாகும். நம் பக்கத்தில் அந்தக் கல் கிடையாது. அதனால் என்ன? சிபுடு ஆட்கள் வெள்ளைக் குவார்ட்ஸிலும், ஹார்ன்ஃபெல்ஸ், டோலரைட் போன்ற கருங்கற்களிலும் செய்தார்கள். சீராக உடையாத குவார்ட்ஸிலிருந்து பிறை வடிவத் துண்டு எடுப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். அந்தப் பிறையின் நேர் விளிம்பு கத்தி போல இருக்கும். வளைந்த முதுகை வேண்டுமென்றே மழுக்கியிருப்பார்கள், பசை பிடிக்க.

என்னைக் கேட்டால், கல்லைவிடப் பசைதான் பெரிய வேலை. 1998 முதல் சிபுடுவில் அகழ்ந்த தொல்லியலாளர் லின் வாட்லி அதைத் தானே செய்து பார்த்தார். முள்மரப் பிசின் மட்டும் என்றால் காய்ந்ததும் நொறுங்கும், ஈரம் பட்டால் இளகும். செங்காவிப் பொடியைக் கலந்து நெருப்புக்குப் பக்கத்தில் பதமாக உலர்த்தினால் இறுகிப் பிடிக்கும். நெருப்பு கூடினால் கொப்புளம் கிளம்பி உடைந்துவிடும். முன்யோசனையும் பொறுமையும் இல்லாதவர் செய்கிற காரியமா இது? "காட்டு மனிதர்கள்" என்று யாராவது அவர்களைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

வில்லும் நாணும் மக்கிப் போயின. ஆனால் அந்தக் குட்டிப் பிறைகளின் முதுகில் பிசினும் காவியும், விளிம்பில் இரத்தமும் எலும்புத் துகளும், நுனியில் மோதி உடைந்த தழும்பும் உருப்பெருக்கியில் தெரிகின்றன. ஈட்டிக்கு இவை மிகச் சிறியவை, அம்புக்குத்தான் பொருந்தும்.

இவ்வளவு சிறிய முனை பெரிய மிருகத்தைச் சாய்க்குமா என்று பையன் அடுத்துக் கேட்பான். கலஹாரிப் பாலைநிலத்தின் சான் பழங்குடி வேடர்கள் ஒரு வண்டுப் புழுவின் நஞ்சை முனைக்குப் பின்னால் காம்பில் பூசுவார்கள், நுனியில் அல்ல. தங்கள் விரல் கீறிவிடக் கூடாதே! அம்பு பட்டதும் தண்டு கழன்று விழும், முனை உள்ளே தங்கும். பிறகு மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரைக்கும், தடம் பார்த்துப் பின்தொடர்வார்கள்.

சரி, அந்த வெள்ளைக் கல். வெறும் உடைந்த குவார்ட்ஸாகவே இருக்கலாம். ஒரு முதுகு மட்டும் வரிசையாகக் கொத்தி மழுக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் பசை போய்விடும். 1999-ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டப்படி தொல்பொருளை இடத்திலிருந்து எடுப்பதற்கு அனுமதி வேண்டும். எடுத்த இடத்தை ஒரு தாளில் வரைந்து, கல்லின் படத்தோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள குவாசூலு-நட்டால் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். கடிதத்தை உங்கள் மகனே எழுதட்டும்.