லண்டன் குளிருக்கு ஃபேன் ஹீட்டர் வாங்கலாமா?

தம்பி, ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு, கேஸ் பாய்லர் ஓடியும் அறை சூடேறவில்லை, 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். மணிக்கு 2 யூனிட் தின்னும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தாலும், தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 90 பவுண்டு. எண்ணெய் நிரப்பிய மின்சார ஆயில் ரேடியேட்டர் சிக்கனம் என்பார்கள். 2 கிலோவாட் என்றால் அதற்கும் அதே கணக்குதான். கேஸில் அதே சூட்டுக்கு ஏறக்குறைய கால்வாசிச் செலவு. அதனால் இருக்கும் பாய்லரைச் சரியாக ஓட்டுவதே லாபம்.

முதலில் அறைச் சுவரில் இருக்கும், பாய்லரின் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். கீழே சூடு, மேலே ஜில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடுங்கள். ரேடியேட்டர் சாவி ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். மேல் மூலையில் இருக்கும் சதுரத் திருகில் செருகி, அடியில் துணி பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். புஸ்ஸென்று காற்று போய், தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடுங்கள். முழுக்கக் கழற்றினால் கறுப்புத் தண்ணீர் கார்ப்பெட்டை நாசமாக்கும். பிறகு பாய்லரின் அழுத்தம் காட்டும் முள் 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தால், அடியில் உள்ள ஃபில்லிங் லூப்பை (தண்ணீர் ஏற்றும் குழாயை) திறந்து 1.5 வரை ஏற்றி மூடுங்கள். மேலே சூடு, கீழே குளிர் என்றால் சேறு படிந்திருக்கிறது. அது உங்கள் வேலையல்ல. 1985ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஹீட்டிங் பழுது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள்.

வெந்நீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டர் படம் போட்ட குமிழை 60 டிகிரிக்குக் குறையுங்கள். பெரும்பாலும் 70, 80இல் விட்டிருப்பார்கள். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையில் போகும் வெப்பத்தை பாய்லர் மீட்க முடியும். அறை சூடேறக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். தொட்டி உள்ள வீட்டில் இதைச் செய்யக் கூடாது. வெந்நீரில் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுத்துவிடும்.

திரைச்சீலை ரேடியேட்டருக்குப் பின்னால் விழட்டும். மேலே தொங்கினால் சூடெல்லாம் ஜன்னலுக்குத்தான் போகும். கதவிடுக்கில் பிரஷ் பட்டை, ஜன்னல் சட்டத்தில் நுரை டேப் ஒட்டலாம். ஆனால் ஜன்னல் மேலே உள்ள காற்றுத் துளையையும், சுவரின் ஏர் பிரிக்கையும் (காற்றோட்டத்துக்கான துளைச் செங்கல்) அடைக்காதீர்கள். மூடிய அறையில் துணி காயப்போட்டு, சாதமும் வடித்தால் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, ஒரு மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை வந்துவிடும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறங்கள்.

உட்கார்ந்து படிக்கவோ வேலை பார்க்கவோ மின்சாரப் போர்வை போதும். 100 வாட் என்றால் மணிக்கு இரண்டரை பென்ஸ். படுக்கைக்கு ரப்பர் வெந்நீர்ப் பை. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு முக்கால் பாகத்துக்கு மிகாமல் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். பழைய பையைக் கடன் வாங்காதீர்கள்: கழுத்தருகே பூப்போல ஒரு முத்திரை இருக்கும், நடுவில் உள்ள எண்தான் தயாரித்த வருடம். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் ரப்பர் வெடித்துத் தொடை வெந்துவிடலாம்.