சிக்னல் இல்லாத ஊரில கேத்திரகணிதம் போனில படிப்பிக்கலாமோ?

ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் வாறதும் போறதும், இதுக்குள்ள ஒன்லைன் டூல் சரிவருமோ எண்டு கேட்டிருக்கிறியள். சரிவரும். கிளிநொச்சிப் பக்கம் போகேக்க ஜியோஜீப்ரா எண்ட கேத்திரகணித உருவம் கீறுற ஆப்ப டவுன்லோட் பண்ணுங்கோ, காசில்லை, பிறகு டேட்டா இல்லாமலும் ஓடும். ஒரு வட்டம், விட்டம் கீறி, பரிதியில ஒரு புள்ளி வைச்சு விட்டத்தின்ர ரெண்டு முனையோடயும் சேர்த்து கோணத்தக் காட்டவிடுங்கோ, இப்ப அந்தப் புள்ளியப் பிள்ளையே விரலால இழுக்கட்டும், கோணம் 90 பாகையிலயே நிக்கும், கரும்பலகையில நான் பத்துத்தரம் கீறியும் வராத "ஓ!" அதில வந்தது. மற்றப் பக்கம் இழுக்க 270 எண்டு காட்டினா பயப்பிடாதேங்கோ, அது பின்வளைகோணம், அதாவது 90 பாகைய வெளிப்பக்கத்தால சுத்தி அளக்கிறது. நிறுவல் மட்டும் கொப்பியிலதான். சதுரமுகிக்கு முதல்ல மட்டைய வெட்டி மடிக்கட்டும், ஒரு சதுரமுகிய 11 விதமாத் தட்டையா விரிக்கலாம், பிறகு ஸ்கிரீனில சுத்திக் காட்டினா டக்கெண்டு பிடிப்பினம்.