தென் அமெரிக்காவில் அலைச்சறுக்குப் பழகவும் கடற்கரையில் ஓய்வெடுக்கவும் பெரு நாடு ஏற்றதா?

ஏற்றதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஊரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெருவின் கடற்கரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் பெரும்பகுதி மரமற்ற பாலைவனம். தென்னை நிழலையும் இளஞ்சூடான நீலக்கடலையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஜூலை மாதத்தில் தலைநகர் லிமாவில் இறங்குபவரை வரவேற்பவை சாம்பல் நிற வானமும், உடலைக் குத்தும் குளிர்ந்த நீரும்தான். நல்ல அலை உள்ள ஊர்களில் படுத்து வெயில் காய்வதற்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. வெயில் காய்வதற்கு உகந்த ஊர்கள் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கின்றன.

இதற்குக் காரணம், கரையோரமாக வடக்கு நோக்கிப் பாயும் ஹம்போல்ட் என்னும் குளிர்ந்த கடல் நீரோட்டம். தெற்கிலிருந்து கரையோரமாக வீசும் காற்று மேல்மட்ட நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் உள்ள சத்துகளால்தான் பெருவின் நெத்திலி வளம் உலகப் புகழ் பெற்றது. அதே குளிர்ச்சியால்தான் கரையில் மழை பெய்வதில்லை, லிமாவில் மாதக்கணக்கில் மூடுபனி விலகுவதில்லை. எனவே லிமாவிலும் அதற்கு வடக்கே நெடுந்தூரத்திற்கும் வெட்சூட் என்னும் குளிர்தாங்கும் ரப்பர் உடை அணியாமல் நீண்ட நேரம் நீரில் இருப்பது கடினம்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தென்கடல் புயல்கள் எழுப்பும் அலைகள் நெடுந்தொலைவு பயணம் செய்து இந்தக் கரையை அடைகின்றன. நீண்ட, வலுவான அலைகளுக்கு இதுவே காலம். நவம்பர் முதல் மார்ச் வரை வடபசிபிக்கிலிருந்து வரும் அலைகள் வடக்குக் கோடி ஊர்களை எட்டுகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை லிமாவில் வெயிலும் இருக்கும், கூட்டமும் இருக்கும்.

முதன்முதலாகப் பலகையில் ஏறுபவருக்கு லிமாவின் மீராஃப்லோரஸ் பகுதியில் உள்ள மகாஹா கடற்கரையைப் பரிந்துரைப்பேன். செங்குத்தான மண்மலையின் அடிவாரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அந்தக் கரையில் மணலே கிடையாது, உருண்டைக் கற்கள்தான்; ஒவ்வோர் அலையும் பின்வாங்கும்போது அவை ஒன்றோடொன்று உரசி உருளும் ஓசை சாலையின் இரைச்சலையும் மீறிக் கேட்கும். வெறுங்காலுடன் அந்தக் கற்களைக் கடப்பதே முதல் பாடம். ஆனால் அலை மெதுவாக உடையும், பயிற்றுநர்களும் வாடகைப் பலகைகளும் கரையிலேயே கிடைக்கும். பெருவின் நவீன அலைச்சறுக்கு வேர்விட்டதும் இந்தக் கரையில்தான்: ஹவாயில் பழகித் திரும்பிய கார்லோஸ் டோக்னி 1942இல் இங்கே வைகீகி மன்றத்தை நிறுவினார். 1965இல் லிமாவுக்குத் தெற்கே புந்தா ரோக்காஸில் நடந்த உலகப் போட்டியில் பெருவின் ஃபெலிப்பே போமார் வென்றார். 2004இல் சோஃபியா முலானோவிச் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். அவர் வளர்ந்த புந்தா எர்மோசா ஊருக்கு அருகில் உள்ள பீக்கோ ஆல்தோ, பேரலைகளில் தேர்ந்தவர்களுக்கான இடம். கற்றுக்கொள்பவர் கரையில் நின்று பார்க்கலாம்.

லிமாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில் உள்ள துருஹீயோ நகரின் புறத்தே வான்சாக்கோ இருக்கிறது. எனக்கு இந்தக் கரையிலேயே மிகவும் பிடித்த ஊர் இது. கோரைத் தண்டுகளைக் கட்டுக்கட்டாக இறுக்கிக் கட்டி, முன்முனையை மேல்நோக்கி வளைத்துச் செய்த ஒற்றையாள் மிதவையில் மீனவர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். பின்பகுதியில் உள்ள குழியில் வலையும் மீனும் இருக்கும். துடுப்பு என்பது நெடுக்காகப் பிளந்த ஒரு மூங்கில் துண்டு. திரும்பும்போது அலை முதுகில் ஏறி நேராகக் கரைக்குச் சறுக்கி வருகிறார்கள், பிறகு நீர் வடிவதற்காக மிதவையைச் செங்குத்தாக நிறுத்திவைக்கிறார்கள். நம் கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே வெகுநேரம் நின்றுவிடுவார்கள். இந்த மிதவைகளின் உருவம் இந்தக் கரையில் வாழ்ந்த மோச்சே என்னும் பழங்குடி மக்களின் பழங்கால மண்பாண்டங்களிலேயே இருப்பதால், அலைச்சறுக்கின் தாயகம் ஹவாயா பெருவா என்ற வழக்கு ஓயாமல் நடக்கிறது. கடலிலிருந்து உணவோடு திரும்புவதும் விளையாட்டுக்காக அலையேறுவதும் ஒன்றல்ல என்பதால், நான் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 2013 முதல் வான்சாக்கோ உலக அலைச்சறுக்குக் காப்பிடங்களில் ஒன்று. ஆயினும் தெற்கே சலவேரி துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தைத் தடுத்துவிட்டதால் கரை அரிக்கப்பட்டு, கோரை வளர்க்கும் குட்டைகளும் குறைந்து வருகின்றன. அலை நடுத்தரமானது, ஓரளவு பழகியவருக்குப் போதும். அருகிலேயே பழைய சிமு அரசின் மண் நகரமான சான் சான் இருப்பதால், கடல் சரியில்லாத நாளும் வீணாகாது.

அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் சிக்காமா. புவேர்த்தோ மலப்ரீகோ என்னும் சிறிய துறைமுக ஊரின் அலை அது. உலகிலேயே இடப்பக்கமாக உடையும் மிக நீளமான அலை என்று பெயர் பெற்றது. தென்மேற்கிலிருந்து வரும் அலை, கடலுக்குள் நீண்டிருக்கும் முனையைச் சுற்றி வளைந்து, மணற்கரையோடு சாய்வாக வருவதால் ஒரே நேரத்தில் உடையாமல் முனையிலிருந்து ஊரை நோக்கிப் படிப்படியாக உடைந்துகொண்டே போகிறது. காற்றும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் குலையாமல் இருக்கிறது. அலை பெரிதாக வரும் நாட்களில் ஒரே ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகலாம். தொடைகள் நடுங்கத் தொடங்கிய பிறகும் அலை முடிவதில்லை. ஆனால் கரையோர நீரோட்டம் கடுமையானது. கையால் துழாவித் தொடங்கிய இடத்திற்குத் திரும்புவது நடவாது. ஒவ்வொரு முறையும் கரையேறி மணலில் நடந்து திரும்ப வேண்டும், அல்லது ரப்பர் படகுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஊரில் வேறு பொழுதுபோக்கு இல்லை. உடன் வருபவர் அலையேறாதவராயின் இங்கே இரண்டாம் நாளே சலித்துவிடும்.

சிக்காமா இன்று பாதுகாப்பாக இருப்பதற்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கிறது. 1980களில் லிமாவின் லா எர்ராதூரா குடாவில் சாலை அமைப்பதற்காகப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தபோது அங்கிருந்த புகழ்பெற்ற அலை சிதைந்தது. அதைக் கண்டவர்களின் முயற்சியால் 2000இல் அலைகளைக் காக்கும் சட்டம் வந்தது, 2013இல் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன, 2016இல் சிக்காமா முதல் அலையாகப் பதிவானது. ஓர் அலைக்குச் சட்டப் பாதுகாப்புத் தரலாம் என்று ஒரு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டதை நான் இன்றும் வியக்கிறேன்.

ஓய்வு வேண்டுமென்றால் வடகோடிக்குப் போங்கள். குளிர் நீரோட்டம் மேற்கே விலகி வெப்பக் கடல் தொடங்கும் இடத்தில் மான்கோரா இருக்கிறது. அங்கே கோடையான டிசம்பர் முதல் மார்ச் வரை வெட்சூட் தேவையில்லை, மென்மையான அலையில் பயிற்சியும் கிடைக்கும், ஆனால் நெடுஞ்சாலை ஊரின் நடுவே போவதால் இரைச்சல் அதிகம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்தப் பக்கம் கூன்முதுகுத் திமிங்கலங்களைப் படகிலிருந்து காணலாம். அதற்குத் தெற்கே உள்ள லோபீத்தோஸ் பழைய எண்ணெய் ஊர். அங்கே அலை சிறப்பானது, வசதிகள் குறைவு. அதே பக்கத்தில் உள்ள காபோ பிளாங்கோவின், குழாய் போலச் சுருண்டு உடையும் அலை தேர்ந்தவர்களுக்கு மட்டுமே.

இரண்டு வாரம் இருந்தால், மே அல்லது செப்டம்பரில் லிமாவில் சில நாள் பயிற்சி எடுத்து, பிறகு வான்சாக்கோவில் தங்கி, அலை முன்னறிவிப்பு நன்றாக இருக்கும் நாளில் மட்டும் சிக்காமாவுக்குப் போய்வந்து, கடைசி நாட்களை மான்கோராவுக்கு ஒதுக்குங்கள். பலகையை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம்; மேற்சொன்ன நான்கு இடங்களிலும் வாடகைக்குக் கிடைக்கும். வெட்சூட் மட்டும் உங்கள் அளவுக்குப் பொருந்துவதாக, 3 மில்லிமீட்டர் தடிமனில், சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள்.