அறிவியல் புத்தகம் வாங்குவோர்க்கு: சேலம் வாசகர் கேள்வி பதில்

சூரமங்கலம்: புத்தகக் கண்காட்சியில் எந்த அறிவியல் நூலை எடுத்தாலும் பின்னட்டை பிரமாதமாக இருக்கிறது. நிற்கிற பத்து நிமிடத்தில் தரம் பார்ப்பது எப்படி மேடம்?

பின்னட்டையையும் முன்னுரையையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயத்தை உள்ளே எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வானியல் என்றால் கடல் ஓதம், அதாவது கடல் நீர் தினமும் ஏறி இறங்குவது, நல்ல உரைகல். "நிலா நீரை இழுக்கிறது" என்பதோடு நிறுத்தியிருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். நிலாவுக்கு எதிர்ப்பக்கத்திலும் நீர் ஏறுகிறதே, அது ஏன்? நிலாவின் ஈர்ப்பு அருகிலுள்ள பக்கத்தில் அதிகம், பூமியின் மையத்தில் சற்றுக் குறைவு, மறுபக்கத்தில் இன்னும் குறைவு. இந்த வித்தியாசம்தான் இரண்டு பக்கமும் நீரைப் புடைக்க வைக்கிறது. இதை அரைப் பக்கத்திலாவது சொல்லியிருக்கிறவரை நம்பி வாங்கலாம்.

ஆத்தூர்: ஈர்ப்பை விளக்க ரப்பர் விரிப்பின் மேல் இரும்புக் குண்டு வைக்கிறார்கள். கீழே ஈர்ப்பு இருப்பதால்தானே குண்டு விரிப்பை அமுக்குகிறது? ஈர்ப்பை வைத்தே ஈர்ப்பை விளக்கினால் என்ன அர்த்தம்?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு: ஐன்ஸ்டீன் கணக்கில் ஈர்ப்பு என்பது இடமும் காலமும் வளைவது; இந்தப் படம் இடம் வளைவதை மட்டும் காட்டுகிறது. கையிலிருந்து நழுவிய கல் தரைக்கு வருவதில் பெரும்பங்கு காலத்தின் வளைவுக்குத்தான். உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடும், தாழ்வில் மெதுவாக ஓடும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். இரண்டு இடத்திலும் அணுக் கடிகாரம் வைத்தால் ஏற்காட்டுக் கடிகாரம் நாளுக்குச் சுமார் 12 நானோ வினாடி முந்தும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இது நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ வினாடி. அவற்றின் வேகத்தால் 7 மைக்ரோ வினாடி பின்தங்குவதைக் கழித்தால் மிச்சம் 38. அதைத் திருத்தாமல் துல்லியமாக இடம் காட்ட முடியாது.

ரப்பர் விரிப்பைக் காட்டுவது தவறில்லை. காட்டியவர் அது எந்த இடத்தில் உடைகிறது என்று அடுத்த பத்தியிலேயே சொல்ல வேண்டும். உவமை சொல்லி எல்லை சொல்லாத புத்தகம் படிக்க இனிக்கும். மறுநாள் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டால் வாயடைத்துப் போவோம்.

ஏற்காடு: தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்கிறது புத்தகம். இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது. எது சரி?

உங்கள் அடுப்பு சரி, புத்தகம் பாதி சரி. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில்தான் 100. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். உங்கள் 1,500 மீட்டரில் சுமார் 95. குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே 118 டிகிரி அளவுக்குப் போகும். கடற்கரையில் அதே குக்கர் 120-ஐ ஒட்டி நிற்கும். அதனால் குக்கரில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஒரு எண்ணைச் சொல்லும்போது அது எந்த நிபந்தனையில் செல்லும் என்று சொல்கிறார்களா, பாருங்கள்.

அஸ்தம்பட்டி: நான் பி.ஏ. தமிழ். சமன்பாடு இல்லாமல் இயற்பியல் உண்மையாகவே புரியுமா அக்கா?

புரியும், ஆசிரியர் உழைத்திருந்தால். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1988-இல் எழுதிய பிரபலமான நூலான 'A Brief History of Time'-இல் இருப்பது ஒரே சமன்பாடு, ஐன்ஸ்டீனின் நிறை-ஆற்றல் சமன்பாடு. என் ஓட்டு இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் 1985 நூலான 'QED'-க்கு. ஒளி செல்லக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு சிறு அம்புக்குறி போட்டு, ஒன்றின் தலையில் அடுத்ததன் வாலைச் சேர்த்துக்கொண்டே போகிறார். கடைசியில் கிடைக்கும் அம்பின் நீளத்தை வர்க்கப்படுத்தினால் ஒளி அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் நிகழ்தகவு. நிஜக் கணக்கையே படமாகப் போட்டுவிட்டார். படிக்கும்போது பென்சிலும் தாளும் எடுத்து நீங்களும் அம்பு போடுங்கள். சும்மா கண்ணை ஓட்டினால் பத்துப் பக்கத்துக்குமேல் நகராது.

மேட்டூர்: பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்புகளை வாங்கலாமா?

பதிப்பாண்டைப் பார்த்து வாங்குங்கள். 1998-க்கு முந்தைய பிரபஞ்சவியல் நூலில், விரிவடைதல் வேகமெடுப்பது பற்றி இருக்காது. 2012-க்கு முன் ஹிக்ஸ் துகள் வெறும் எதிர்பார்ப்பு. மனித மரபணுக்கள் ஒரு லட்சம் என்று போட்டிருந்தால் ரொம்பப் பழசு. புரதம் தயாரிப்பவை சுமார் 20,000 என்பதே இன்றைய கணக்கு. மொழிபெயர்ப்பில் முதலில் அடிபடுவது எண்கள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி. இந்த இரண்டில் ஒன்று பிசகியிருந்தாலும் மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

ஓமலூர், பள்ளி ஆசிரியர்: புவியியல் நூலைப் பிள்ளைகளோடு படிக்கிறோம். "வெள்ளைக் கல்லில் அமிலம் விட்டால் நுரைக்கும்" என்றது. இங்கே கிடைத்த கல் நுரைக்கவே இல்லை.

நூல் சொல்வது சுண்ணாம்புக்கல்லை. செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக் கல் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். மக்னீசியம் மிகுந்த பாறையில் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் வினைபுரிந்து நரம்பு நரம்பாக உண்டானது. அதுவும் கார்பனேட்தான், ஆனால் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் வினை மிக மெதுவாக நடக்கும். ஆய்வகத்தில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நீங்கள் பக்கத்தில் நின்று செய்யுங்கள்: கல்லைப் பொடியாக்கிச் சோதனைக் குழாயில் சிட்டிகையளவு போடுங்கள். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஐந்தாறு சொட்டு விடுங்கள். குழாயை வெந்நீரில் நிறுத்துங்கள், நேரடித் தீ வேண்டாம். குமிழி வரும். பக்கத்திலேயே இன்னொரு குழாயில் சுண்ணாம்புக்கல் பொடியை வெந்நீர் இல்லாமல் வையுங்கள்; அமிலம் பட்டதும் பொங்கும். இரண்டையும் பார்த்துவிட்டு, நூலின் அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.