எஃப்என்டி உள்ளவருக்குச் சொல்லாமல் பிளாசிபோ கொடுக்கலாமா?

கேள்வியில் நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: வீட்டில் ஒருவருக்குச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு, அதாவது எஃப்என்டி (நரம்பில் சேதம் இல்லாமலே கை கால் சொன்னபடி கேட்காமல் போவது, வலிப்பு மாதிரி வருவது போன்ற நோய்), என்று சொல்லிவிட்டார்கள், ஸ்கேன் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அவரிடம் சொல்லாமல் ஒரு சத்து மாத்திரையைப் புது நரம்பு மருந்து என்று பிளாசிபோவாக, அதாவது நோய்க்கான மருந்தே இல்லாத வெற்று மருந்தாக, கொடுத்தால் சரியாகுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நீட்டி எழுதுகிற ஆள், பாதியில் போய்விடுவீர்கள். சரியாகலாம், கொஞ்ச நாளைக்கு. ஆனாலும் கொடுக்காதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. எஃப்என்டி வந்து, எனக்கே அப்படி ஒரு பொய் மருந்து போடப்பட்டு, அதற்கு நடந்தும் காட்டிய ஆள். அதனால் 'உனக்கென்ன தெரியும்' என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்கவும்.

படியில் சறுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. வீக்கம் வடிந்த பிறகும் இடது கால் மட்டும் என் பேச்சைக் கேட்கவே இல்லை. தரையோடு இழுத்துக்கொண்டுதான் நடப்பேன், செருப்பு கழன்று பின்னால் கிடப்பது கூடத் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தார்கள், நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்தார்கள், ரத்தம் குழல் குழலாக எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் ரிப்போர்ட் நார்மல் ஆனதே தவிர கால் நார்மல் ஆகவில்லை.

அங்கே இருந்த ஒரு மருத்துவர் ஊசியோடு வந்தார். "இது ரொம்ப பவரான மருந்து, கால்ல சூடு ஏறுற மாதிரி இருக்கும், அரை மணி நேரத்துல நடப்பீங்க" என்றார். சூடு ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், தொடையில் ஆரம்பித்துப் பாதம் வரை ஏறியது. எழுந்து நடந்தேன், சுவரைப் பிடிக்காமல் கழிவறை வரை போய்விட்டு வந்தேன். அண்ணி அழுதேவிட்டார். அப்புறம் அந்த மருத்துவர் வெளியே போனார், கதவு சரியாகச் சாத்தவில்லை, என் அண்ணனிடம் அவர் சொன்னது வார்த்தை வார்த்தையாக என் காதில் விழுந்தது: "வெறும் சலைன்தான் சார் போட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

சலைன் என்றால் வெறும் உப்புத் தண்ணீர். அந்த நடை ரொம்ப நாள் தாங்கவில்லை. கால் மறுபடி விழுந்தபோது நிலைமை முன்னைவிட மோசம். முதல் தடவை நான் நோயாளி. இரண்டாம் தடவை நான் நடிக்கிறேன். "ஊசி போட்டா நடக்கிற, எங்க முன்னாடி மட்டும் நடக்க மாட்டேங்கிறியா" என்று பெரியம்மா வாய்விட்டே கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை, பார்வையே போதும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது, யாரும் பார்க்காதபோதாவது அசைகிறதா என்று கட்டைவிரலை அசைத்து அசைத்துப் பார்ப்பேன். இன்னொரு ஊசி போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது, அதில் என்ன இருக்கிறது என்றுதான் தெரிந்துவிட்டதே.

இங்கே ஒருவர் வந்து 'நடந்தீர்கள்தானே, அப்புறம் என்ன குறை' என்பார். அவருக்காகச் சொல்கிறேன், நான் பிளாசிபோவுக்கு எதிரி இல்லை. அது வெறும் மனப்பிரமை என்று சொல்பவன் விஷயம் தெரியாதவன். பல் பிடுங்கியவர்களுக்குப் பிளாசிபோவால் குறைந்த வலி, நாலக்சோன் (மார்ஃபின் வகை வலிநிவாரணிகளின் வேலையைத் தடுக்கும் மருந்து) கொடுத்ததும் திரும்பியதை 1978லேயே காட்டியிருக்கிறார்கள், அதாவது உடம்பே சுரக்கும் வலிநிவாரணிகள் அதில் வேலை செய்திருக்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்து என்று நம்பவைத்துப் பிளாசிபோ கொடுத்தபோது மூளையில் டோபமின் (அந்த நோயில் குறைந்துபோகிற வேதிப்பொருள்) வெளியாவதை 2001ல் ஸ்கேனில் பார்த்தார்கள். நன்றாகக் கவனியுங்கள், பார்க்கின்சன். நரம்பணுக்கள் நிஜமாகவே செத்துப்போகிற நோய். அதற்கே பிளாசிபோ எட்டும் என்றால், 'சலைனுக்கு நடந்தார், ஆகவே அவருக்கு ஒன்றும் இல்லை' என்பது எந்த ஊர் நியாயம்? பிளாசிபோவுக்கு அசைந்தது என்பதை வைத்து எஃப்என்டி என்றோ, நடிப்பு என்றோ, எதையும் நிரூபிக்க முடியாது. என் அண்ணனிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு எவ்வளவு காலம் ஆனது தெரியுமா?

இந்த வழக்கம் புதிதும் இல்லை. பாரிஸில் சார்கோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் படித்த பபின்ஸ்கி, ஹிஸ்டீரியா (இந்த மாதிரி நோய்களுக்கு அப்போதைய பெயர்) என்பதே வற்புறுத்திச் சொல்லிக் குணப்படுத்தக்கூடியது என்று விளக்கம் கொடுத்தார். முதல் உலகப் போரில் அதையே கரண்ட் வைத்துச் செய்தார்கள். லண்டனில் லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், பேச்சு போன சிப்பாய்களுக்குத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சி, ஒரே அமர்வில் பேசவைத்தேன் என்று 1918ல் புத்தகமே போட்டார். பேசினார்கள்தான். அறைக் கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு பேசும்வரை விடமாட்டேன் என்றால் யார்தான் பேசமாட்டார்கள்? எனக்கு வந்தது சலைன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னை நிஜமாக மாற்றியது வேறு ஒரு நரம்பியல் மருத்துவர். கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார். என் இடது குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, "இந்தக் காலால என் கையை மெத்தையோட அழுத்துங்க" என்றார். ஒன்றுமே நடக்கவில்லை, முகம்தான் சிவந்தது. "சரி, அதை மறந்துடுங்க. இப்ப வலது காலை மேல தூக்குங்க, நான் தடுப்பேன், விடாதீங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். இடது குதிகாலுக்கு அடியில் இருந்த அவர் கையை அவரால் உருவ முடியவில்லை. அதோடு விடாமல் அண்ணனைக் கூப்பிட்டு, "நீங்க கை வச்சுப் பாருங்க" என்றார். அண்ணன் கை மாட்டிக்கொண்டது. "டேய், அழுத்துதுடா" என்று அண்ணன் சத்தமே போட்டுவிட்டார்.

இது ஹூவர் பரிசோதனை. சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908ல் விவரித்தது. மூளையிலிருந்து காலுக்குப் போகும் பாதை அறுந்திருந்தால் இப்படி வராது. பாதை சரியாக இருக்கிறது, நீங்களாக நினைத்து அசைக்கப் போகும்போது மட்டும் சிக்கல் வருகிறது, கவனம் வேறு பக்கம் போனால் தானாக வேலை செய்கிறது. யோசிக்காமல் படியிறங்குகிறவன் ஒவ்வொரு படியையும் எண்ணி இறங்க ஆரம்பித்தால் தடுமாறுவான் இல்லையா, அது முற்றிப்போன நிலை என்று அவர் சொன்னார். நடிப்பவர்களிடம் இது வராதா என்று யாராவது கேட்பீர்கள். ஹூவர் மட்டும் நடிப்பையும் நோயையும் பிரிக்காது, அது மொத்தமாகப் பேசி, பரிசோதித்து எடுக்கும் முடிவு. ஆனால் கால் அசையவே இல்லை என்று வருஷக்கணக்கில் இழுத்து நடந்து, வேலையை இழந்து, யாராவது நடிப்பார்களா?

முந்தைய மருத்துவரும் இவரும் காட்டியது ஒன்றுதான், இந்தக் கால் அசையும் என்று. அவர் என் முதுகுக்குப் பின்னால் காட்டினார், அது எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. இவர் என் கண் முன்னால் காட்டினார், அது எனக்கே நம்பிக்கை ஆனது. எடின்பரோவின் ஜான் ஸ்டோன் போன்ற நரம்பியல் மருத்துவர்கள், இந்த அறிகுறிகளை நோயாளியிடம் மறைக்காமல் காட்டவேண்டும் என்றே சொல்கிறார்கள். இதிலும் எதிர்பார்ப்பின் சக்தி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கத்தான் செய்யும். இந்த நோயே கவனத்திலும் எதிர்பார்ப்பிலும் விழுந்த முடிச்சு என்னும்போது அதை அவிழ்க்கவும் அதே வழியாகத்தானே போகவேண்டும். அதற்குப் பொய் எதற்கு?

சொல்லியே கொடுக்கும் பிளாசிபோ என்றும் ஒன்று உண்டு. 2010ல் டெட் கேப்சக் குழு, எரிச்சல் குடல் நோய் உள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு 'இதில் மருந்தே இல்லை' என்று சொல்லியே மாத்திரை கொடுத்தது, எதுவும் எடுக்காதவர்களைவிட அவர்கள் தேவலை என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் குடலில் நடந்ததைக் கொண்டுபோய் அப்படியே காலில் ஒட்டவைத்துப் பேசாதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பிசியோதெரபி. எஃப்என்டி தெரிந்த பிசியோ. பின்பக்கமாக நடக்கவைத்தார், பாட்டுப் போட்டு நடக்கவைத்தார், கண்ணாடி முன்னால் நிற்கவைத்தார், காலைப் பார்க்கவே கூடாது என்றார். மெதுவாகத்தான் வந்தது. இதையும் மந்திரம் என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் 355 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2024ல் வந்தது, அதில் உடல் இயக்க மதிப்பெண்ணில் இந்தச் சிறப்புப் பிசியோ வழக்கமான சிகிச்சையை முந்தவில்லை, 'எனக்குத் தேவலை' என்று சொன்னவர்கள் மட்டும் அதிகம். எனக்கு வேலை செய்தது, அவ்வளவே. இன்றைக்கும் தூக்கம் கெட்டால் கால் இழுக்கும்.

இதைச் சொல்லும்போதே எரிச்சல் வருகிறது, சம்பந்தமில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன். கட்டடங்களில் சாய்தளம் கட்டுகிறார்கள், சட்டத்துக்குப் பயந்து. கட்டி முடித்த மறுநாளே அதன் வாசலில் வரிசையாகப் பூந்தொட்டி. ஊன்றுகோலோடு நிற்கிற ஆள் தொட்டியைத் தாண்டிப் போகவேண்டுமாம். நகர்த்துங்கள் என்றால், "நீங்க நல்லாத்தானே நடக்கிறீங்க" என்கிறார் காவலாளி. நேற்று நன்றாக நடந்தேன் ஐயா, இன்றைக்கு நடக்கவில்லை, இதுதான் இந்த நோய், இதற்கு நான் தினமும் வாசலில் ஹூவர் பரிசோதனையா செய்து காட்டமுடியும்? அழகுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அலுத்துப்போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அநேகமாக அவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். திட்டவில்லை. ஆனால் மாத்திரை டப்பா லேபிளைக் கிழித்து ஒளித்துவைப்பது எத்தனை நாள் ஓடும்? தெரியவரும் அன்றைக்கு மருத்துவர் மேல் மட்டும் இல்லை, உங்கள் மேலும் நம்பிக்கை போகும். மருத்துவரிடம் போய், ஸ்கேன் நார்மல் என்பதைத் தாண்டி எந்த அறிகுறியை வைத்து எஃப்என்டி என்கிறீர்கள், அதை அவருக்கும் காட்டுங்கள் என்று கேளுங்கள். வலிப்பு மாதிரி வருகிறது என்றால் வீடியோ இஇஜி (வலிப்பு வரும்போது வீடியோவோடு சேர்த்து மூளை அலைகளைப் பதிவது) எடுத்தார்களா என்று கேளுங்கள், அப்படியே அந்த நேரத்தில் போனில் வீடியோ எடுத்துவையுங்கள். 'என்ன மனக்கவலை, யார் என்ன செய்தார்கள்' என்று அவரைக் குடைவதை நிறுத்துங்கள், 2013ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டிலேயே மன அழுத்தம் இருந்தாகவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எனக்குக் காரணம் ஒரு வழுக்கின படிதான். புதிதாக வேறு ஏதாவது தொந்தரவு வந்தால் அதையும் எஃப்என்டி கணக்கில் எழுதாமல் தனியாகக் காட்டுங்கள், எஃப்என்டி இருப்பவருக்கு வேறு நோய் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

அந்தச் சத்து மாத்திரையைச் சத்து மாத்திரை என்றே சொல்லிக் கொடுங்கள், தப்பில்லை. அப்புறம், ஊசி போட்ட மருத்துவர் யார், எந்த மருத்துவமனை என்று கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், சொல்வதாக இல்லை.