கேளுங்கள், சொல்கிறேன்: படிக்கப் போனவளின் காதல் கதை

கேள்வி: வணக்கம் அன்ரி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். என் வயதுக்காரருக்காக ஒரு காதல் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வெள்ளவத்தைப் பெண் ஒருத்தி இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறாள். டியூஷனில் பழகிய பையன் கொழும்பிலேயே இருக்கிறான். இங்கிலாந்தில் அவள் வேறொருவனைச் சந்திக்கிறாள். ஒரு சனிக்கிழமை இருவரும் பாரிஸ் போகிறார்கள், பனி பொழிகிறது. வாசித்த தோழி, "எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்கிறாள். எதை மாற்றட்டும்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள், முதலில் அந்தப் பாரிஸ் பயணத்தைப் பார்ப்போம். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவளுக்கு, கையில் பிரித்தானிய மாணவர் வீசா இருந்தாலும், பிரான்ஸ் போக ஷெங்கன் வீசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான வீசா, தனியாக வேண்டும். நினைத்த சனிக்கிழமை ரயில் ஏற முடியாது. அந்தப் புதியவன் இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரன் என்று வையுங்கள். அவனுக்குப் பையைத் தூக்கினால் போதும். அவள் விண்ணப்பம் நிரப்ப வேண்டும், வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். "ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவு யோசனையா?" என்று அவன் கேட்பான் பாருங்கள், உங்கள் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது. பனி பிறகு பொழியட்டும்.

அவள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் முன்பே கதை தொடங்கிவிடுகிறது. செலவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்ததாகக் காட்டினால்தான் பிரித்தானிய மாணவர் வீசா. அந்த நாட்களில் வீட்டில் யாருக்கு என்ன அவசரம் வந்தாலும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. அப்பா யாரிடம் கைமாற்று வாங்கினார் என்பதை மகளுக்குச் சொல்லமாட்டார், ஆனால் அவளுக்குத் தெரியும். அப்படிப் போனவள் அங்கே ஒருவனைப் பார்த்து மனம் இளகும்போது, அந்தக் கடனும் கூடவே நிற்க வேண்டும்.

அப்புறம் நேரம். பட்டப்படிப்பு மாணவிக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்ய அனுமதி. கடையில் இரவு பத்துக்கு வேலை முடிகிறது என்றால், கோடையில் கொழும்பில் விடிகாலை இரண்டரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்ததும் அது மூன்றரை ஆகிவிடும். காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவன் எத்தனை நாள் மூன்றரைக்கு எழும்புவான்? யாரும் துரோகம் செய்யவில்லை, சண்டையும் இல்லை. ஆனால் வட்ஸ்அப்பில் அழைப்புகள் குறைகின்றன. இதை நீங்கள் பொறுமையாக எழுதினால் புதியவனை வில்லனாக்கவும் தேவையில்லை, பழையவனைக் கெட்டவனாக்கவும் தேவையில்லை.

இந்தப் பிரிவு நமக்குப் பழையது. தொல்காப்பியம் பிரிவுக்குச் சொல்லும் காரணங்களில் ஓதலும் உண்டு. கல்விக்காகப் போகிறவன் மூன்று ஆண்டைக் கடக்கக் கூடாது என்று கற்பியலில் எல்லையும் வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் இளமாணிப் பட்டத்துக்கு இன்றும் பெரும்பாலும் மூன்று ஆண்டுதான்! ஆனால் தொல்காப்பியத்தில் போகிறவன் ஆண். "முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை" என்று கடல் பயணத்தில் பெண்ணைச் சேர்க்கவே இல்லை. உங்கள் கதையிலோ கடல் கடப்பவள் அவள், காத்திருப்பவன் அவன். இதுவரை எழுதியதில் அவனுக்கு எத்தனை பக்கம் கொடுத்தீர்கள்? அவனுக்கு ஒரு வேலை, ஒரு அம்மா, தனக்கென்று ஒரு ஆசை கொடுங்கள். அவனைத்தான் நான் வாசிக்க ஆசைப்படுகிறேன்.

கேள்வி: பதினாறு வயது மகள் வெளிநாட்டுக் கல்லூரிக் காதல் கதைகளாக வாசிக்கிறாள். படிப்பு கெடுமோ, நாளைக்குத் தானும் போக வேண்டும் என்பாளோ என்று பயமாக இருக்கிறது. புத்தகங்களைப் பறித்து வைத்துவிடலாமா?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் தங்கச்சி. பிடுங்கினால் போனில் வாசிப்பாள், உங்களுக்குத் தெரியாமல் வாசிப்பாள். அவளுக்குப் பிடித்த ஒன்றைக் கேட்டு வாங்கி நீங்களும் வாசியுங்கள். "அந்தப் பிள்ளைக்கு யார் பணம் கட்டினது? அவளுக்கு வீட்டு ஞாபகம் வரவில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். காதலைப் பற்றி நேரே கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, கதாபாத்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும். போக ஆசைப்பட்டால் அதுவும் குற்றமில்லை. என்ன படிக்க, எவ்வளவு செலவு என்று அவளையே தேடி எழுதச் சொல்லுங்கள். ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் விளக்கை அணைக்கச் சொல்வதில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: சொந்தமாக நாவல் அச்சிட்டால் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள) இலக்கம் எங்கே எடுப்பது?
- வாசகர், தெஹிவளை

பதில்: கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில். அச்சுக்குக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள், பின்னட்டையில் அந்த இலக்கம் வர வேண்டும்.