பிறழ்சாட்சி

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் மூன்று மாதமாக வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் படித்துவருகிறோம். ஆபீஸில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த பொரியையும் சுண்டலையும் சாப்பிட்டதாகச் சென்ற வாரம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். கூட்டம் நடத்தும் அண்ணன், "பெர்கமு சபைக்காரர்கள் செய்ததும் இதைத்தான். பொரிக்கே மடங்குகிறவன் உபத்திரவ காலத்தில் எப்படி நிற்பாய்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. யோசித்துப் பார்த்தால், நான் நிற்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மிருகத்தின் எண்ணாக அதில் வரும் 666 யாரைக் குறிக்கிறது? இந்தத் தரிசனங்கள் நடந்து முடிந்தவையா, இனி நடக்கப்போகிறவையா? பழிவாங்கச் சொல்லிக் கூக்குரலிடும் ஒரு புத்தகத்தில் நம்பிக்கை எங்கே இருக்கிறது?

எபனேசர்

அன்புள்ள எபனேசர்,

பொரிக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். புத்தகத்தின் தொடக்கத்தில் ஏழு ஊர்ச் சபைகளுக்குக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் பெர்கமுவுக்கும் தியத்தீராவுக்கும் எழுதியவற்றில் விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது கண்டிக்கப்படுகிறது, உண்மைதான். தியத்தீரா கைத்தொழில் ஊர். சாயக்காரர், தோல்காரர், கம்பளிக்காரர், வெண்கல வேலைக்காரர் என்று அங்கே தனித்தனிச் சங்கங்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பவுலைச் சந்தித்த, இரத்தாம்பரம் விற்ற லீதியாள் அந்த ஊர்க்காரிதான். சங்கத்து விருந்தில் உட்காராதவனுக்குத் தொழிலில் இடமில்லை, உட்கார்ந்தால் தெய்வத்துக்கும் ரோமப் பேரரசனாகிய இராயனுக்கும் தலையாட்டியதாக அர்த்தம் என்பதுதான் அந்தக் கடிதங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பின்னணி. பக்கத்து இருக்கைக்காரர் காகிதத் தட்டில் பொரி நீட்டியது அதுவா? உங்கள் நெற்றியில் மிருகத்தின் முத்திரை குத்தவா வந்தார்? கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு, ஒன்றும் கேட்காதே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். அடுத்த வசனத்தில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார், அண்ணன் அதைக் காட்டுவார். காட்டட்டும். ஒடிசாவின் கந்தமாலில் 2008-இல் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்து காட்டுக்குள் ஓடியவர்களும் இதே வேதத்தைத்தான் வைத்திருந்தார்கள். சுண்டலையும் அதையும் ஒரே தராசில் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேலும் கொஞ்சம் கோபம்தான். எல்லார் முன்னாலும் ஒருவர் அப்படிக் கேட்டதும் குனிந்துகொண்டு வந்து தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள்.

666-க்கு இரண்டு வரி போதும். நம்மிடம் 'க' ஒன்று, 'உ' இரண்டு என்று இருப்பதுபோல எபிரெயத்திலும் எழுத்துகளே எண்கள். ரோமப் பேரரசன் நீரோவின் பட்டப்பெயரை, 'நீரோன் கேசர்' என்ற கிரேக்க வடிவத்தில், எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666. பெயரின் கடைசி 'ன்' இல்லாத லத்தீன் வடிவத்தில் எழுதினால் 616, பழைய பிரதிகள் சிலவற்றில் அந்த எண்ணே இருக்கிறது. பார்கோடு, ஆதார், தடுப்பூசி என்று வருஷத்துக்கு ஒரு மிருகம் கண்டுபிடிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

நடந்ததா, நடக்கப்போவதா என்பதற்கும் என்னிடம் நீண்ட பதில் கிடையாது. ரோமப் பேரரசன் டொமிஷியன் ஆட்சியின் கடைசியில், அதாவது கி.பி. 96-ஐ ஒட்டி, இந்தத் தரிசனம் காணப்பட்டதாக 2-ஆம் நூற்றாண்டு ஆயர் ஐரேனியுஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த அரசன் கிறிஸ்தவர்களை ஊர் ஊராக வேட்டையாடினான் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். அதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்கிறார்கள் இன்றைய வரலாற்றாசிரியர்கள். புத்தகத்தையே எடுத்துப் பாருங்கள். ஏழு தலை மிருகம், இரத்த ஆறு, ஒருவரும் எண்ணக்கூடாத திரள் கூட்டம் எல்லாம் வருகின்றன. சாட்சியாகக் கொல்லப்பட்டவன் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறவன் ஒரே ஒருவன். பெர்கமுக்காரன் அந்திப்பா. அவனைப் பற்றி வேறெங்கும் நம்பத்தகுந்த ஒரு வரி கிடையாது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் இந்த அந்திப்பாவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் அதிகாரத்தில் அவனுக்குக் கிடைக்கும் பட்டம் "உண்மையுள்ள சாட்சி". முதல் அதிகாரத்தில் அதே பட்டம் இயேசுவுக்கு. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், மார்ட்டிஸ். நீதிமன்றத்தில் கண்டதைச் சொல்கிறவனுக்கு உள்ள சாதாரணச் சொல் அது. ஆங்கிலத்தின் பழைய ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு இயேசுவுக்கு விட்னஸ் என்றும் அந்திப்பாவுக்கு மார்ட்டர் என்றும் பிரித்துப் போட்டுவிட்டது. நம் பழைய தமிழ் வேதாகமம் இருவரையும் சாட்சி என்றே விட்டிருக்கிறது. கத்தோலிக்கர்கள் மறைசாட்சி என்கிறார்கள், நாம் இரத்தசாட்சி என்கிறோம். எப்படிச் சொன்னாலும் கூண்டும் நீதிபதியும் குறுக்கு விசாரணையும் கூடவே வந்துவிடுகின்றன.

கூண்டில் என்ன கேட்டார்கள் என்பதும் தெரியும். அந்த ஏழு ஊர்களுக்கு வடக்கே பித்தினியாவை ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, 112 வாக்கில் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பேன், மூன்று முறையும் ஆம் என்றால் தண்டனைக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். இல்லை என்றவர்கள் அரசனின் சிலைக்கு முன்னால் தூபமும் திராட்சரசமும் வைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையை வரவழைக்க இரண்டு அடிமைப் பெண்களை வதைத்ததையும், ஏதோ பயிர்ப் பூச்சியைப் பற்றி எழுதுவதுபோல, எழுதியிருக்கிறார். அவர்கள் பெயரை எழுதவில்லை.

சாட்சியாக இறந்த சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப் கதையை உங்கள் அண்ணனுக்கு அவசியம் சொல்லுங்கள். 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது. கிழவர், ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் போய் ஒளிந்துகொண்டார். ஆமாம், ஒளிந்துகொண்டார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். வண்டியில் கொண்டுபோகும்போது காவல் தலைவன் தன்மையாகத்தான் பேசுகிறான்: "'இராயனே ஆண்டவர்' என்று சொல்லிக் கொஞ்சம் தூபம் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வதில் என்ன கெட்டுப்போகிறது?" அதே கதையில் குவிந்து என்று ஒருவன் வருகிறான். தானாக முன்வந்து, இன்னும் சிலரையும் தூண்டிவிட்டு அரங்கத்துக்குள் போனவன். மிருகங்களைப் பார்த்ததும் சத்தியமும் செய்தான், தூபமும் போட்டான். நிற்பாயா, நிற்பாயா என்று மற்றவனைக் கேட்பவர்களை எனக்கு இந்தக் குவிந்துவின் முகத்தோடுதான் பார்க்க முடிகிறது.

"என்ன கெட்டுப்போகிறது" என்ற அந்தக் குரலை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

என் அப்பா எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் கடைக்கு எதிரில் மூன்று பேர் ஒரு கூலிக்காரரைக் கட்டையால் அடித்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்பா போலீஸிடம் கண்டதைச் சொன்னார், கையெழுத்துப் போட்டார், குற்றப்பத்திரிகையில் மூன்றாம் சாட்சியானார். வழக்கு கோர்ட்டுக்கு வர இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் எங்களை யாரும் மிரட்டவில்லை. சபைப் பெரியவர் ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "நாலு பேரோட பொழைக்கிற எடம். இருட்டிட்டுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடே கொறஞ்சுபோவும்?" என்றார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ஜெபமும் பண்ணிவிட்டுப் போனார். பிறகு பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு இடத்துக்காரர் கடையைக் காலி பண்ணச் சொன்னார்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஏனோ அப்பா என்னையும் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். கூண்டில் அப்பா சட்டையின் மேல் பட்டனையும் போட்டிருந்தார். "இருட்டிட்டுது ஐயா. ஆளு யாருன்னு தெரியல." அரசு வக்கீல் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அங்கேதான். வெளியே தாழ்வாரத்தில் இறந்தவரின் மனைவி கைப்பிள்ளையோடு நின்றிருந்தார். திட்டவில்லை, அழவில்லை. நாங்கள் போவதற்காகப் பிள்ளையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

அதற்குப் பிறகு அப்பா நற்கருணை எடுக்கவில்லை. கோயிலுக்கு வருவார், காணிக்கை முடிந்ததும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நிற்பார். பதினாறு வருஷம், சாகும்வரை.

அதனால்தான் 250-ஆம் வருஷத்துச் சான்றிதழ்கள் மேல் எனக்கு ஒரு தீராத பிடிப்பு. எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ரோமப் பேரரசன் டேசியஸ் ஆணையிட்டான். பலியிட்டவர்களுக்கு எழுத்தில் அத்தாட்சி தரப்பட்டது. எகிப்தின் மணலிலிருந்து அப்படி நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. எழுத்துக்கூலி வாங்கிக்கொண்டு எழுதிய மனுக்கள், எல்லாம் ஒரே மாதிரி. டியோகெனெஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், வார்த்தேன், புசித்தேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இதை வாங்கியாக வேண்டியிருந்தது, ஆகவே அந்தத் தழும்புக்காரர் யார் என்று சொல்ல முடியாது. ஒக்சிரிங்கு என்ற எகிப்திய ஊரில் கிடைத்த இன்னொன்றில் ஒருவர் தன் மகனையும் மகளையும் கூட நிறுத்திக்கொண்டு பலியிட்டதாக எழுதியிருக்கிறார். அந்த மகனுக்கு என்ன வயது என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

ஆணை தணிந்த பிறகு, சான்றிதழ் வாங்கியவர்கள் திரும்பி வந்து சபை வாசலில் நின்றார்கள். ரோமில் நொவேஷியன் என்ற குருவானவர் கதவைத் திறக்கவே கூடாது என்றார். கார்த்தேஜில் ஆயர் சிப்பிரியான், தானும் தலைமறைவாகி அதற்காகப் பேச்சு வாங்கியவர், மனந்திரும்பக் காலம் கொடுங்கள் என்றார். அடுத்த உபத்திரவம் வருகிறது என்ற செய்தி வந்ததும் அவரும் மற்ற ஆயர்களும் கூடி, மனந்திரும்பிக் காத்திருந்தவர்களுக்கு உடனே நற்கருணை கொடுக்க முடிவுசெய்தார்கள். போருக்கு அனுப்பப்போகிறவர்களை வெறுங்கையோடு நிறுத்தலாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறழ்ந்த சாட்சியை மறுபடி கூண்டுக்குக் கூப்பிடுவது அது. எங்கள் சபையில் அப்பாவை யாரும் வேப்பமரத்தடியில் போய்க் கூப்பிடவில்லை. இருட்டிட்டுது என்று சொல்லச் சொன்ன பெரியவர்தான் காணிக்கைப் பை பிடித்துவந்தார்.

பழிவாங்குதலைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறாம் அதிகாரத்தில், பலிபீடத்தின் கீழிருந்து கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று கேட்கின்றன. ஏசி அறையில் உட்கார்ந்து படிக்கும்போது நமக்கு அது அநாகரிகமாகத் தெரியும். தாழ்வாரத்தில் சுவரோரம் ஒதுங்கிய அந்தப் பெண் கேட்டால் அநாகரிகமா? அந்த ஆத்துமாக்களை யாரும் அதட்டவில்லை, கவனித்தீர்களா? வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் பதில். எனக்கு அது போதவில்லை, அவருக்கும் போதியிருக்காது. ஆனால் என் அப்பா உட்பட மூன்று சாட்சிகளும் பிறழ்ந்து, வழக்கு தள்ளுபடியாகி, எதிரிகள் மாலையோடு ஊருக்குள் வந்த பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது முதல் அதிகாரத்தின் அந்த ஒரு சாட்சிதான். யோவான் அந்தப் பெண்ணுக்குத்தான் இதை எழுதினார் என்று நினைக்கிறேன். நானும் என் அப்பாவும் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. நிற்கமாட்டேன் என்று இப்போதே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள், உங்களை இன்னும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

அப்பா இறந்த பிறகு அவருடைய வேதாகமம் எனக்கு வந்தது. முழுப் புத்தகத்திலும் ஒரே ஒரு இடத்தில்தான் கோடு. வெளிப்படுத்தின விசேஷம் இருபத்தொன்றாம் அதிகாரம், எட்டாம் வசனம். அக்கினிக் கடலில் தள்ளப்படுகிறவர்களின் பட்டியல் அது. கொலைபாதகர், விபசாரக்காரர், பொய்யர் எல்லாம் பின்னால் வருகிறார்கள், முதல் பெயர் "பயப்படுகிறவர்களும்". அந்த ஒரு சொல்லுக்குக் கீழே கடைக் கணக்கு எழுதும் ஊதாப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். நாலு வசனம் மேலே, அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார் என்று இருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பென்சில் ஈரம் பட்டால் பரவும். கோட்டின் ஒரு முனை பரவி ஊதா வட்டமாகியிருக்கிறது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடிவைத்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை, அப்பாவுக்குப் பென்சில் முனையை நாக்கில் தொட்டுத்தான் எழுத வரும்.